பேரூராட்சிக்கு மூன்றாண்டு ஐ.டி. திட்டம்: கேட்புப் பதிவேட்டில் தொடங்கிய வேலை

செட்டிநாட்டில் ஒரு பேரூராட்சிக்கு மூன்றாண்டு ஐ.டி. திட்டம் எழுதி, மன்றத்தில் தீர்மானமாக்கி, முதல் ஆண்டு வேலையை முடித்தது வரையிலான விவரம் இது. இதே வேலை மேசைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

முதல் வரைவில் இருந்தது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் 6, பிரிண்டர் 2, கேமரா 8, ஒரு பயோமெட்ரிக். இதற்குப் பெயர் கொள்முதல் பட்டியல். அதை ஒதுக்கிவிட்டு, ஒரு தாளின் நடுவே கோடு போட்டோம். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி இவற்றுக்கெல்லாம் மென்பொருள் மேலிருந்து வருகிறது. அதில் ஒரு பட்டனைக்கூட நம்மால் மாற்ற முடியாது. அவை இடப்பக்கம். தரவு, இணைப்பு, கருவி, ஆள் என்ற நான்கும் நம் கையில் இருப்பவை. அவை வலப்பக்கம். வலப்பக்கத்துக்கு மட்டும்தான் திட்டம். ‘சொந்தமாக ஒரு ஆப்’ என்ற யோசனை அன்றைக்கே விழுந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று.

நான்கில் தரவுதான் பாதி உழைப்பைத் தின்றது. யாரிடம் எவ்வளவு வரி வர வேண்டும் என்று எழுதி வைக்கும் கேட்புப் பதிவேட்டைத் திறந்தால் காரணம் புரியும். இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீள்கின்றன. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவெண். சில வீடுகளுக்கு இரண்டு வரிவிதிப்பு எண். பின்வாசல் எண்ணில் வருடக்கணக்காக நிலுவை ஏறிக்கொண்டே வரும், முகப்பு எண்ணில் பைசா பாக்கி இருக்காது. அறிக்கையில் பார்த்தால் வசூல் மோசம். உண்மையில் அது இல்லாத கேட்பு. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்து, தனி மின் இணைப்பும் தனி வாசலும் வந்த பிறகும் வரி ஒரே எண்ணில் ஓடும். கணினியில் உட்கார்ந்து இதைச் சரிசெய்ய முடியாது. வரித்தண்டலர் தெரு வரைபடத்தோடு போய், இரண்டு வாசலையும் பார்த்து, முகப்பு எண்ணை முதன்மையாகவும் பின்வாசலைத் துணையாகவும் குறித்து வர வேண்டும். எந்தப் பதிவை நீக்குவதானாலும் கோப்பில் உத்தரவு வாங்கிய பிறகே. தணிக்கையில் முதல் கேள்வி அங்கேதான் வரும்.

அடுத்தது பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால், ஒரே பெயர் ஒரே வீட்டுக்குத் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வரும். பெயரை வைத்து இரட்டைப் பதிவு தேடினால் தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். விலாசம்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். இங்கே விலாசம் என்பது முகவரி அல்ல, பெயருக்கு முன்னால் போடும் முன்னோர் பெயர்ச் சுருக்கம். ஆனால் விலாசத்துக்கு ஏற்ற நீளம் கணினியில் இனிஷியல் எழுதும் கட்டத்தில் இருக்காது. ‘ராம.அரு.ராம.’ என்பதை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில், யூ.டி.எஃப்-8 என்ற சேமிப்பு முறையில் வைத்தால், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வீதம், புள்ளிகளையும் சேர்த்து 30 பைட். இனிஷியலுக்கு 10 பைட் ஒதுக்கிய கட்டத்தில் முதல் மூன்று குறிதான் நிற்கும். அதனால் விலாசத்துக்குத் தனிப் பத்தியும் 60 பைட் அகலமும் வைத்தோம்.

பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் இருந்தன. யூனிகோடுக்கு மாற்றும்போது மூன்று இடத்தில் உதைக்கும். கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’ ஒரே உயிர்க்குறியாக மாறாமல் கொம்பு தனி, கால் தனி என்று தங்கிவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். இதை என்.எஃப்.சி. என்ற சீராக்க முறையில் ஓட்டினால் சரியாகிவிடும். ஔகாரம் அப்படிச் சரியாகாது: ‘கௌரி’யில் வரும் குறிக்குப் பதில் ‘ள’ எழுத்தே உட்கார்ந்து ‘கெளரி’ ஆகியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ‘ஸ்ரீ’யையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினோம். லட்சுமணன், லெட்சுமணன், இலட்சுமணன் விஷயத்தில் கை வைக்கவில்லை. பத்திரத்தில் எப்படியோ அப்படியே.

நேரக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். ஒரு பதிவுக்கு 5 நிமிடம் என்றால் 3,000 பதிவுக்கு 250 மணி நேரம். இளநிலை உதவியாளர் மற்ற வேலைகளுக்கு நடுவே நாளுக்கு 2 மணி நேரம் கொடுத்தால் 125 வேலை நாள், அதாவது அரை வருடம். ‘இரண்டு மாதத்தில் தரவு சுத்தம்’ என்று திட்டத்தில் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கருவிகள் பகுதி சீக்கிரம் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. விண்டோஸ் 11 ஏற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கோர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான். இந்த இரண்டையும் வைத்தே இருப்புப் பட்டியலில் எது தங்கும், எது கழியும் என்று பிரித்தோம். அலுவலகக் கட்டடத்திலிருந்து பின்னால் இருக்கும் அறைக்கு வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுத்திருந்தார்கள். ஐப்பசி இடி மின்னலில் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் போர்ட்டுகள் எரிந்ததற்கு அதுதான் காரணம். கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையான ஃபைபர் போடுங்கள், தூரம் 20 மீட்டர்தான் என்றாலும்.

இணைய இணைப்புக்கு ஒப்பந்தம் எழுதும்போது ‘99 சதவீத நேரம் இணைப்பு இருக்கும்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்கக் கூடாது. ஆண்டுக் கணக்கில் 99 சதவீதம் என்றால் 87.6 மணி நேரம் அறுந்து கிடக்கலாம். அது மொத்தமும் ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்தால்? சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கவுன்டரில் கூட்டம் நிற்பது அதற்காகத்தான். ஆகவே கணக்கை மாதவாரியாக மாற்றி, அந்த இரண்டு மாதத்துக்கும் 99.5 சதவீதம் கேட்டோம். 30 நாள் மாதத்துக்கு 3.6 மணி நேரம்தான் விடுப்பு. மாற்று இணைப்பும் அதே பள்ளத்தில் வரும் கேபிளாக இருந்தால் ஜே.சி.பி. இரண்டையும் சேர்த்தே பிடுங்கும், அதனால் மாற்றுக்கு சிம் போட்ட ரூட்டர்.

பணத்தில் ஒரு பொறி இருக்கிறது. வாங்குவதற்கு மானியம் கிடைக்கும். ஓட்டுவதற்குப் பொது நிதிதான். இரண்டாம் ஆண்டிலிருந்து ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், டோனர், வைரஸ் தடுப்பு, இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும் யூ.பி.எஸ். பேட்டரி எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்றாண்டு ஓட்டச் செலவை எழுதினோம். எழுதிப் பார்த்ததும் கேமரா 8 என்பது 3 ஆகிவிட்டது.

யாருமே திட்டத்தில் எழுதாத ஒன்று: ஓ.டி.பி. செயல் அலுவலர் மாறுதலில் போனதும் பாதி இணையதளங்களின் ஓ.டி.பி. அவர் சொந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. ‘சார், ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும்’ என்று மதியச் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டுக்கொண்டு இருக்க முடியாது. அலுவலகப் பெயரில் சிம், அதற்கென ஒரு கைப்பேசி, எந்தத் தளத்துக்கு எந்த எண் என்ற பட்டியல், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் காலாவதியாகும் தேதி எல்லாம் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் சேர்ந்தன. செலவு சில ஆயிரம் ரூபாய். மொத்தத் திட்டத்திலும் உடனடிப் பலன் தந்தது இதுவே. கணினிப் பாதுகாப்பு சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், கணினியின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற 2022 உத்தரவும் அதே படிவத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது.

மன்றத்துக்கு 40 பக்கம் கொண்டு போகாதீர்கள். இரண்டே பக்கம் போதும்: எந்த வேலை, எந்த ஆண்டு, எவ்வளவு, செய்யாவிட்டால் என்ன நிற்கும். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு பிரிவை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தம் முடிந்த 15 நாளில் முழுத் தரவையும் யூனிகோடில், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக ஒப்பந்ததாரர் திருப்பித் தர வேண்டும். இறுதித் தவணை அதற்குப் பிறகே.

பரிசீலனையை மே, நவம்பர் மாதங்களில் வைத்திருக்கிறோம், கூட்ட மாதங்களின் வடு ஆறுவதற்குள். இரண்டாம் ஆண்டுக்கு மிச்சம் இருப்பவை பூட்டிய வீடுகள். உரிமையாளர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அவருடைய வெளிநாட்டு எண்ணுக்கு ஓ.டி.பி. போகாது. சாவி காவல்காரரிடம். எதற்காக எண் வாங்குகிறோம் என்று படிவத்திலேயே எழுதி, உரிமையாளர் ஒப்புதலோடு உள்ளூரில் வரி கட்டும் ஒருவரின் எண்ணைச் சேர்க்கும் வேலை ஆடியில் தொடங்குகிறது.