ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகாது

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுத்தம் பண்ணும்போது தயவுசெய்து ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள். இது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் தரைக்கல், சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை. கண்ணாடி மேல் சிமெண்ட் வண்ணக் கலவையை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. ஆசிட் பட்டால் சிமெண்ட் நுரைத்துக் கரையும், மேல்தோல் போய்விடும். அப்புறம் எத்தனை பாலிஷ் போட்டாலும் பழைய முகம் வராது. பாத்ரூம் கிளீனர், வினிகர், எலுமிச்சை, புளி எல்லாமே இதே வேலையைத்தான் செய்யும். எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

தினமும் வெறும் தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை அரை வாளித் தண்ணீரில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். எண்ணெய் கூடினால் வழுக்கும், தூசியும் அப்பிக்கொள்ளும்.

வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அது அழுக்கில்லை, அடியிலிருந்து ஈரத்தோடு ஏறிவரும் உப்பு. ஈரத்துணி போட்டால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே இறங்கும். காய்ந்த தென்னந் துடைப்பத்தால் தட்டி அள்ளுங்கள். வளவு ஓரம், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பூத்திருந்தால் முற்றத்துத் தண்ணீர் போகும் வழியில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈரம் நிற்காமல் பூப்பு நிற்காது.

உடைந்த கல்லை மாற்றும்போது மேலே சிமெண்ட் பால் (தண்ணீராகக் கரைத்த சிமெண்ட்) ஊற்றவிடாதீர்கள். கல் அதைச் சாயம் போல உறிஞ்சிக்கொள்ளும்.