பட்டாலைக் கடிகாரமும் ஃப்ரெட் ஜின்னமனும்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீடு ஒன்பது புள்ளிகளுக்கு, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தம். இந்த வருடம் அதைப் பார்த்துக்கொள்ளும் முறை எங்களுடையது. மாதம் ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து போய், கதவுகளைத் திறந்து, முகப்பில் விளக்கேற்றிவிட்டு, பட்டாலை என்கிற கூடத்தில் தொங்கும் ஜெர்மன் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன். எட்டு நாள் ஓடும். அதன்பின் ஆளில்லாத வீட்டில் தானாக நின்றுவிடும்.

போன மாதம் அந்தக் கடிகாரத்தின் அடியில் உட்கார்ந்துதான் 'ஹை நூன்' பார்த்தேன். 1952இல் வந்த படம். பகல் பன்னிரண்டு மணி ரயிலில் பழிவாங்க ஒருவன் வருகிறான். அவனைச் சிறைக்கு அனுப்பிய காவல் அதிகாரி ஊரில் வீடு வீடாகத் துணை கேட்டு அலைகிறார், ஒருவரும் வரவில்லை. கதையில் நடக்கும் நேரமும் நாம் பார்க்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே, எண்பத்தைந்து நிமிடம். சுவர்க் கடிகாரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நேரம் நெருங்க நெருங்கப் பெரிதாகின்றன. என் தலைக்கு மேல் எங்கள் வீட்டுப் பெண்டுலமும் ஆடிக்கொண்டிருந்தது. படத்தை நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் உள்முற்றமான வளவில் நடந்தேன்.

இயக்குநர் ஃப்ரெட் ஜின்னமன் 1907 ஏப்ரலில், இன்று போலந்தில் இருக்கும் ஜெஷுஃப் நகரில், ஒரு யூத மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். அதே ஆண்டு ஜூலையில்தான் நம் காரைக்குடியில் ஏ.வி. மெய்யப்பன் பிறந்தார் என்பதை நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஜின்னமன் வியன்னாவில் வளர்ந்து சட்டம் படித்தார். மனம் அதில் ஒட்டவில்லை. பாரிஸில் ஒளிப்பதிவு கற்று, பெர்லினில் உதவியாளராக வேலை பார்த்து, 1929இல் அமெரிக்கா போனார். ஆவணப்பட மேதை ராபர்ட் ஃப்ளாஹர்டியிடம் சில மாதம் இருந்தார். அவர்கள் திட்டமிட்ட படம் எடுக்கப்படவே இல்லை. ஆனாலும் கடைசிவரை அவரையே தன் ஆசான் என்றார். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவில் பெட்டியடிப் பையன் என்கிற கடைநிலை வேலையில் சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, தன் மேலாளைச் சாகும்வரை தெய்வமாகப் பேசியவர். அந்த நன்றி எனக்குப் புரிகிறது.

'ஹை நூன்' எடுத்த விதத்தைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசுவேன். மேகங்கள் திரண்ட அழகான வானம் ஜின்னமனுக்கு வேண்டாம். வெளுத்த வானமும் பழைய செய்திப் புகைப்படம் போன்ற முரட்டு வெளிச்சமும்தான் வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் ஃப்ளாய்ட் கிராஸ்பியிடம் சொன்னார். நாயகன் கேரி கூப்பருக்கு வயது ஐம்பது, உடம்பும் சரியில்லை. அந்தச் சுருக்கங்களை மறைக்காமல் அப்படியே காட்டினார். ஒருநாள் ரயில் வருவதை எடுக்க ஜின்னமனும் கிராஸ்பியும் கேமராவோடு தண்டவாளத்திலேயே படுத்திருந்தார்கள். தூரத்தில் வெள்ளைப் புகை, பிறகு கரும்புகை. பார்க்க அற்புதமாக இருந்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு ஓட்டுநர் காட்டிய அடையாளம் அந்தக் கரும்புகை. கடைசி நொடியில் எழுந்து விலகினார்கள், கேமரா நொறுங்கியது. ஃபிலிம் மட்டும் தப்பித்துப் படத்தில் இடம்பெற்றது.

'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' எட்டு ஆஸ்கர் வாங்கியது, 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' ஆறு வாங்கியது. நல்ல படங்கள்தான். ஆனால் எனக்கு அவரை நெருக்கமாக்கியது 1948இல் வந்த 'தி சர்ச்'. அவர் அமெரிக்காவில் படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் தாயும் தந்தையும் ஐரோப்பாவில் சிக்கிக்கொண்டார்கள். யூதப் படுகொலையில் இருவரும் மாண்டதைப் போர் முடிந்த பிறகே அறிந்தார். அதன்பின் ஜெர்மனிக்குப் போய், இடிந்து கிடந்த நகரங்களின் நடுவிலேயே இந்தப் படத்தை எடுத்தார். வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய செக் சிறுவன் ஒருவன்; முகாம் முகாமாக அவனைத் தேடி நடக்கும் தாய். அந்தச் சிறுவனாக நடித்த இவான் யாண்டலுக்கு ஆங்கிலம் தெரியாது. வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினான். பொம்மைத்தனம் ஒரு துளிகூட இல்லை.

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். அப்பச்சிக்கு 1942இல் ஐந்து வயது. ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் ஐயாவின் கடிதங்கள் நின்றுபோயின. தபால்காரர் தெருவைக் கடந்து போகும்வரை அப்பத்தா முகப்புத் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டாராம். பல மாதம் கழித்து, காடும் மலையும் நடந்து, தாடியும் எலும்புமாக ஐயா வாசலில் வந்து நின்றபோது, அப்பச்சி பயந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம்.

இந்த மாதம் அப்பச்சியையும் பள்ளத்தூருக்கு அழைத்துப் போய் 'தி சர்ச்' போட்டுக் காட்டினேன். வசனங்களை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேல் நான் சொல்ல வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார். அம்மாவின் முகமே மறந்துபோயிருந்த அந்தப் பையனை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்தும் எழவில்லை.

"இதை எடுத்தவருடைய அப்பச்சி திரும்பி வந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லை அப்பச்சி. ஆத்தாவும் வரவில்லை" என்றேன்.