ரிக்கன்பேக்கர் 4001: கிடைப்பதும் காப்பதும்

வழக்கமான ரிக்கன்பேக்கர் 4001 பேஸ் கிட்டார் 1961 முதல் 1981 வரைதான் தயாரானது. அதன் இடத்துக்கு வந்த 4003 இன்றைக்கும் கலிஃபோர்னியாவில் செய்யப்படுகிறது, நல்ல பேஸ்தான். ஆனால் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவையரும் ரஷ் குழுவின் கெடி லீயும் 1970களில் வாசித்த, கம்பியின் உலோகம் தனியாகக் கணீரென்று ஒலிக்கும் அந்த ஓசையில் விழுந்தவர்களுக்கு 4001தான் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பேஸ் வாசிப்பவர்களுக்குக் குறைவில்லை, தேவாலயப் பாடகர் குழுக்கள் அத்தனை இருக்கின்றன. 4001தான் கண்ணில் படாது. நெடுநாள் தேடலுக்குப் பிறகு ஒன்று இப்போது நாகர்கோவிலில் என் வீட்டில் இருக்கிறது. இதையே தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக, வாங்கும்போதும் வாங்கிய பிறகும் பார்க்க வேண்டியவற்றை எழுதி வைக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் கழுத்துப் பகுதியான நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் தொடவே கூடாது.

அசல்தானா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். 1970களிலேயே ஜப்பானில் இதன் நகல்கள் நிறைய வந்தன, பிற்பாடு சீனாவிலிருந்தும் வந்தன. விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் தகடும் நான்கு திருகும் தெரிந்தால் அது 4001 இல்லை. அசலில் நெக்கின் மேப்பிள் மரம் தலையிலிருந்து வால்வரை ஒரே ஓட்டமாகப் போகும். பாடியின் இரு பக்கங்களும் அதன்மேல் ஒட்டியவை. சில நகல்கள் இதையும் அப்படியே செய்திருக்கின்றன. அதனால் தலையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு ராடு முனைகள் அருகருகே இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தலையருகே கம்பிகள் படியும் நட்டிலிருந்து, மறுமுனையில் அவை படியும் பிரிட்ஜ் வரை 33¼ அங்குலம், அதாவது 845 மி.மீ. அளவும் வர வேண்டும். ஃபெண்டர் பேஸ்களின் 34 அங்குலம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

வருடத்தை, கேபிள் செருகும் ஜாக் தகட்டில் படிக்கலாம். 1961 முதல் 1986 வரை அதில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து வருடம்: ஏ என்றால் 1961, பி என்றால் 1962, அப்படியே வரிசையாக எம் 1973, யூ 1981. இரண்டாவது எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். எம், சி என்று இருந்தால் 1973 மார்ச். ஆனால் இந்தத் தகடு திருகில் நிற்பது, ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட ஒரு நிமிடம் போதும். தகட்டை நம்பி மட்டும் பணம் அனுப்பக் கூடாது. உள்ளே, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். நிறுவனத்தின் பாகம், 1377312 என்றால் 1973-ஆம் வருடம் 12-ஆவது வாரம். பாகம் செய்த தேதி கருவியின் தேதிக்குச் சில மாதம் முன்பாக இருப்பது இயல்பு. பிந்தியிருந்தால் தகடோ பாகமோ மாறியிருக்கிறது. விளிம்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பைண்டிங்கும், நெக் பக்கத்தில் டோஸ்டர் என்று சொல்லப்படும் வெள்ளிக் கோட்டுப் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பாகம்) 1970களின் முதல் பாதியோடு நின்றுவிட்டவை. 1978 தகட்டோடு கட்டம் போட்ட விளிம்பு வந்தால் கதை ஒத்துவரவில்லை என்று அர்த்தம்.

கொண்டுவரும் வழி அடுத்தது. பழைய பொருளைக் கூரியரில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதில் சிக்கல் இருக்கிறது. நம் இறக்குமதிக் கொள்கையில் இயந்திர முதலீட்டுப் பொருள் தவிர்த்த பழைய பொருள்களுக்கு அனுமதி வாங்க வேண்டும். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் உறவினர் கையோடு கொண்டுவந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் அறிவித்துத் தீர்வை கட்டுவதுதான் நேரான வழி. விற்பனை ரசீது பெட்டிக்குள் அல்ல, கையில் இருக்க வேண்டும். விரலால் கம்பியை அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் ரோஸ்வுட் மரத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் 2017-இல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து முழுமையான இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்துவிட்டது, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. விமானத்தில் ஏற்றும்போது கம்பிகளை முழுக்கத் தளர்த்த வேண்டாம், இரண்டு சுருதி இறக்கினால் போதும். தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் துண்டைச் சுருட்டித் திணியுங்கள். பெட்டி நெட்டுக்குத்தாக விழுந்தால் முதல் அடி அங்கேதான் இறங்கும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒருநாள் விட்டுவிடுங்கள். விமானத்தின் சரக்கு அறைக் குளிரிலிருந்தும், குளிரூட்டிய காரிலிருந்தும் வந்த கருவியை நம் ஊர்க் காற்றில் உடனே திறந்தால் அதன்மேல் ஈரம் படியும், பழைய வார்னிஷில் வெடிப்பும் விழலாம். மறுநாள் திறந்து, வழக்கமான சுருதிக்கு ஏற்றி, இரண்டு வாரம் அப்படியே வைத்திருங்கள். வறண்ட ஊரில் நாற்பது வருடம் இருந்த மரம் இங்கே ஈரத்தைக் குடித்து வீங்கும். அந்த அசைவு நிற்கும்வரை இன்று எடுத்த அளவு நாளைக்குப் பொருந்தாது. மாவட்டத்துக்குள்ளேயே இது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜூன், ஜூலையில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வறண்டு அடிக்கும். தோவாளையில் சரிசெய்த நெக் மார்த்தாண்டத்தில் வேறு மாதிரி வளையும். எந்த ஊரில் வாசிக்கப் போகிறோமோ அங்கேயே வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

இனி நெக். பெரும்பாலான 4001கள் கெட்டுப்போவது இங்கேதான். மற்ற பேஸ்களில் ராடு முனையில் உள்ள திருகு நட்டைத் திருகினால் ராடு இறுகி நெக்கைப் பின்னால் இழுக்கும். 4001-இன் பழைய ராடுகள் கொண்டை ஊசிபோல் மடித்த இரட்டைக் கம்பிகள். நெக்கை வளைப்பதற்காக அவற்றைச் செய்யவில்லை, வளைத்த இடத்தில் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தார்கள். இது தெரியாமல் முறுக்கிக்கொண்டே போனால் நெக் அசையாது, ராடு முனை ஃப்ரெட்போர்டைத் தலைப்பக்கம் நெம்பித் தூக்கிவிடும். வாங்கும்போதே கம்பி படியும் நட்டுக்கு அருகில் ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முந்தைய சொந்தக்காரர் இதைத்தான் செய்திருக்கிறார்.

சரியான முறை இது. ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் (ஃப்ரெட்) முதலாவதிலும் இருபதாவதிலும் கம்பியை ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை, மெல்லிய தகடுகளை நுழைத்து அளக்கும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.25 முதல் 0.4 மி.மீ. இருந்தால் எதையும் தொடத் தேவையில்லை. அதைவிடக் கூடுதலாக, நெக் முன்னால் வளைந்திருந்தால், கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி ராடுகளின் இரண்டு நட்டுகளையும் முழுக்க இளக்குங்கள். பாடியை மடியில் படுக்கவைத்து, ஒரு கை நெக்கின் நடுவில் பின்புறம் தாங்க, மறுகையால் தலையைப் பின்னோக்கி மெதுவாக அழுத்துங்கள். இன்னொருவர் உதவிக்கு இருப்பது நல்லது. அந்த நிலையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, எட்டில் ஒரு சுற்றாக, தொட்டு நிற்கும்வரை இறுக்க வேண்டும். பிறகு சுருதி ஏற்றி, ஒருநாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். நட்டின் அளவு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைக்கும் 6 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர் நுழையாது, 7 மி.மீ. வழுக்கி நட்டின் முனைகளைத் தேய்த்துவிடும். கால் அங்குலத்தைத் தேடி வாங்குங்கள். மரையில் சிக்கலோ, ராடு வளைந்தோ இருந்தால் அந்தப் பழைய ராடுகளை வெளியே உருவி மாற்றலாம். அந்த வசதி 4001-க்கு உண்டு, பயப்பட வேண்டாம்.

கம்பி 45-105 தடிமனுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) மேல் போக வேண்டாம். இழுவிசை குறைந்த செட் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த வழக்கமான நோய், கம்பிகளின் வால்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ். துத்தநாகக் கலவையில் வார்த்த அந்தப் பெரிய துண்டின் பின்முனை, கம்பிகளின் இழுப்பில் வருடக்கணக்கில் மேலெழும்பிவிடும். பாடிக்கும் அதன் அடிப்பக்கத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். ஒரு கார்டு அளவு என்றால் விட்டுவிடலாம். மூன்று நான்கு கார்டு நுழைந்தால் திருகின் மரை மரத்தில் தேய்ந்திருக்கிறதா, உலோகமே வளைந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். மரை தேய்ந்திருந்தால் துளையைக் கெட்டி மரக் குச்சியும் மரப் பசையும் வைத்து அடைத்து, புதிதாகத் துளையிட்டால் சரியாகும். உலோகத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்த முயலாதீர்கள், வார்ப்புத் துத்தநாகம் தட்டினால் நிமிராது, உடையும். ஹிப்ஷாட் நிறுவனம் மாற்றுப் பிரிட்ஜ் செய்கிறது. அதை மாட்டினாலும் பழையதைப் பொதிந்து பெட்டியில் வையுங்கள், கருவியின் மதிப்பில் அதற்கும் பங்கு உண்டு.

பிரிட்ஜுக்கு அடியில் கம்பியை மட்டுப்படுத்தும் ஒரு நுரைப் பஞ்சு இருக்கும். பழைய பஞ்சு கடல் ஈரத்தில் பிசினாகக் கரைந்து உலோகத்தை அரிக்கும். முதல் நாளே சுரண்டி எடுத்துவிடுங்கள். கம்பி ஒவ்வொன்றுக்கும் தனி உயர மாற்றம் இதில் கிடையாது, பிரிட்ஜையே ஆலன் திருகில் ஏற்றி இறக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி 2.2 மி.மீ., மெல்லிய ஜி கம்பி 1.8 மி.மீ. என்பது வசதியான தொடக்கம். சுருதித் திருத்தத்துக்காக, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடில்களை நகர்த்தும் திருகுகள் டெயில்பீஸைப் பார்த்து இருப்பதால் கம்பியைத் தளர்த்தாமல் எட்டாது. திருப்பி, ஏற்றி, அளந்து, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

மின்பகுதியில் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஜாக் தகட்டில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சாதாரணமானது, மற்றது ரிக்-ஓ-சவுண்டு என்ற ஸ்டீரியோ. சாதாரண மோனோ கேபிளை ஸ்டீரியோ துளையில் செருகினால் ஒரு பிக்கப்தான் ஒலிக்கும். "ஒரு பிக்கப் போச்சு" என்று விலை குறைத்து விற்கப்படுபவற்றில் சிலவற்றுக்கு நோயே இதுதான். இரண்டாவது, பிரிட்ஜ் பிக்கப்பின் பாதையில் 0.0047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தொடராக இருக்கும். அது தாழ்ந்த ஒலியைத் தடுத்து, அந்தக் கணீர் ஓசையைத் தருகிறது. நேர்மின்னோட்டத்தையும் அது தடுப்பதால், ஜாக் வழியாக மல்டிமீட்டரில் பார்த்தால் அந்தப் பிக்கப்பின் ஓம் மதிப்பு தெரியாது. பிக்கப் இறந்துவிட்டது என்று முடிவு கட்டாமல் மூடியைத் திறந்து பிக்கப்பின் கம்பியிலேயே நேராக அளங்கள். 7 முதல் 12 கிலோ ஓமுக்குள் இருந்தால் உயிரோடு இருக்கிறது. சிலர் அடிநாதம் வேண்டுமென்று இந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எறிந்திருப்பார்கள். பாடல் கூட்டத்துக்கு அது இல்லாத கனத்த ஒலிதான் பொருந்தும் என்பது உண்மை. ஆனாலும் வெட்டுவது தவறு. இரண்டு முனையையும் இணைக்கும் சின்னக் கம்பித்துண்டு ஒன்றைப் பற்றவைத்தால் போதும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

இவை ஒற்றைச் சுருள் பிக்கப்கள், 50 ஹெர்ட்ஸ் முனகல் வரத்தான் செய்யும். கையைக் கம்பியில் வைத்ததும் முனகல் குறைந்தால் கருவியின் எர்த் இணைப்பு சரி. அதே காரணத்தால்தான் பழைய ஆலய வயரிங்கிலும், திருவிழா ஜெனரேட்டரிலும் கவனம் வேண்டும்: உங்கள் கை எர்த்தோடு இணைந்திருக்கிறது, உதடு மைக்கில் படுகிறது. ஆம்ப்பும் மிக்சரும் வேறு வேறு லைனில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் மின்னழுத்தம் நிற்கலாம். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, பிரிட்ஜுக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே அளங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீசியன் வரும்வரை எதையும் தொட வேண்டாம். முனகலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. கருவியை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் அதற்குத்தான் இருக்கிறது.

வைத்திருக்கும் முறைக்கு வருவோம். குளச்சல், முட்டம்போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் கம்பியையும், பிறகு திருகுகளையும், பிறகு ஜாக்கின் உட்புறத்தையும் தின்னும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடையுங்கள். ஜாக்குக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கும் கான்டாக்ட் கிளீனர் மட்டும். துரு நீக்கும் எண்ணெய் பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடத்தைக் கெடுக்கும். ஃப்ரெட்போர்டுக்கு எலுமிச்சை எண்ணெய் பூசும் பழக்கத்தை இதில் விட்டுவிட வேண்டும், 4001-இன் ஃப்ரெட்போர்டு வார்னிஷ் பூசியது, எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே பிசுபிசுக்கும். ஈரத்துணியும் உடனே உலர்துணியும் போதும்.

சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கு நம் ஊர் ஏற்றதல்ல, அதிலும் மழைச்சாரல் அடிக்கும் மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். கெட்டிப் பெட்டிக்குள் சின்ன ஈரமானி ஒன்றும், துணிப்பையில் 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். மானி 45 முதல் 55 சதவீதம் காட்ட வேண்டும். 40-க்குக் கீழே இறங்கினால் ஜெல்லைப் பாதியாகக் குறையுங்கள், ஏனென்றால் அளவுக்கு மீறி உலர்ந்தாலும் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டும். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் ஜெல் மறுபடி உதவும். கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கி கிறிஸ்துமஸ் வரை, வடகிழக்கு மழையும் வாசிப்பும் சேர்ந்து வரும் காலம். அப்போது கருவி பெட்டியை விட்டு வெளியே இருக்கும் நேரம் கூடும், அதனால் ஜெல்லை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். நெக்கின் இடைவெளியை நவம்பர் தொடக்கத்தில் ஒருமுறை, பிப்ரவரியில் மழை ஓய்ந்த பிறகு ஒருமுறை அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். ராடைத் தொட வேண்டுமா வேண்டாமா என்பதை அடுத்த வருடம் அந்தச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.