கச்சான் காற்றில் இலை வாயை மூடும்

மூன்று கிழமையாக மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டை ஒன்றில்தான் என் காலைப்பொழுது. சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது, நான் கதிருக்கு அடுத்த மேல் இலையான கொடியிலையைப் பிடித்து, ஒரு பெட்டிக் கருவியால் ஒளித்தொகுப்பு அளக்கிறேன். வயற்கார ஐயா முதல் நாளே கேட்டார்: "இலை சாப்பாடு ஆக்குறத இந்தப் பெட்டி எப்படி மகள் பாக்கும்?"

பெட்டி காற்றைத்தான் பார்க்கிறது. 2 சதமமீற்றருக்கு 3 சதமமீற்றர் அளவான அதன் அறைக்குள் இலையைக் கவ்வவைத்து அளவான வேகத்தில் காற்றை விட்டால், உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று, அந்த வாயு கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை உறிஞ்சுவதை வைத்துக் கணக்கிடும். குறைந்தது இலை எடுத்தது. கூடிய நீராவி இலை விட்டது.

அந்த வித்தியாசம் மிகச் சின்னது. வெளிக்காற்றில் பத்து இலட்சத்துக்கு 420 பங்கு போல இருப்பது, நெல் இலையைத் தாண்டி வரும்போது பதினைந்து, இருபது பங்குதான் குறையும். நம் மூச்சிலோ 40,000 பங்கு! காற்று இழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில் நின்று கதைத்ததிலேயே முதல் இரண்டு நாள் அளவும் வீணாகிவிட்டது. அப்புறம் குழாயை நீளக் கம்பில் உயரக் கட்டி, பெரிய வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் வழியாகக் காற்றை எடுத்தேன், எண்கள் ஆடாமல் நின்றன.

இன்னொன்று, நெல் இலை அறையை நிரப்பாது. 1.2 சதமமீற்றர் அகல இலைக்குப் பரப்பு 3.6 சதுர சதமமீற்றர்தான், அறையின் முழுப் பரப்பான 6 என்றே விட்டால், இலை எடுக்கும் வேகம் 24 வரவேண்டிய இடத்தில் 14.4 காட்டும். ஒவ்வொரு இலைக்கும் அடிமட்டம் வைத்தே ஆகவேண்டும், இதில் சோம்பல் கூடவே கூடாது.

பனி காய்ந்ததும், ஒன்பது மணிக்கு, ஒரு இலை சதுர மீற்றருக்கு செக்கனுக்கு 24 மைக்குரோமோல் (வாயுவை எண்ணும் ஒரு சிற்றலகு) காபனீரொட்சைட்டு எடுத்தது. பகல் ஒரு மணிக்கு கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்க, அதே இலை 13. வெயில் காலையைவிட அதிகம், வயலில் கணுக்கால் தண்ணீர். "தண்ணிதான் நிக்குதே மகள்," என்றார் ஐயா. வேருக்குத் தண்ணீர் போதும்தான், ஆனால் அந்த வறண்ட காற்று உறிஞ்சும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இலையின் நுண்துளைகளான இலைவாய்கள் ஒடுங்கிவிடுகின்றன, காபனீரொட்சைட்டு நுழையும் வாசலும் அதுதான். அவர் குனிந்து அந்த இலையைப் புரட்டிக் கனநேரம் பார்த்தார்.

வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் நாலு சோளன் நிற்கிறது. "அதையும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்க," என்றார். சோளன் காபனீரொட்சைட்டை உள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும், வாய் பாதி மூடினாலும் சமாளிக்கும். நாளைக்கு அதைக் கச்சானுக்குள்ளேயே அளக்கப் போகிறேன்.