பத்திரத்தில் குறைத்து எழுதிய விலை: நில இழப்பீட்டில் நாங்கள் பட்ட பாடு

ரயில் பாதைக்காக எங்கள் புன்செயில் ஒன்றரை ஏக்கர் போகிறது என்று அறிவிப்பு வந்தபோது, விலையைப் பற்றி அப்பா பெரிதாகக் கவலைப்படவில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையுள்ள காரணியால் பெருக்குவார்கள். மரம், கிணறு ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, வரும் தொகைக்குச் சமமாக ஆறுதல் தொகையும் உண்டு. நல்ல சட்டம்தான்.

அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் கலெக்டரின் உத்தரவு, அதன் நகல் கைக்கு வந்ததும்தான் சிக்கல் புரிந்தது. பெருக்குவதற்கு எடுத்த அடிப்படை விலையே மிகக் குறைவு. காரணம் நாங்கள்தான், எங்கள் ஊர்தான். நகரத்தில் வங்கிக் கடன் வாங்கி மனை வாங்குபவர் பெரும்பாலும் முழு விலையையும் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். எங்கள் பக்கம் ரொக்கம் கைமாறும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதுவோம். அந்தக் காகிதத்தை வைத்துத்தான் அரசு எங்கள் மண்ணை எடைபோட்டது.

தொகையை வாங்கும்போது 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார் வக்கீல். இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. எழுதாமல் வாங்கிவிட்டால் கூடுதல் கேட்கும் உரிமையே போய்விடும். அவார்டு அறிவிக்கும்போது அப்பா நேரில் இருந்ததால், அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் கூடுதல் கேட்டுக் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஆறு வாரமும் பத்திரம் தேடுவதிலேயே போனது. அறிவிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், பக்கத்தில் அதே வகை நிலம் என்ன விலைக்கு விற்றது என்பதுதான் கணக்கு. அதிலும் எல்லாப் பத்திரங்களின் சராசரி இல்லை. விலை கூடிய பாதிப் பத்திரங்களின் சராசரி. எங்கள் அவார்டில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். நான் புல எண் புல எண்ணாக வில்லங்கச் சான்று பார்த்தேன். வீட்டுமனைப் பத்திரங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் சாலைக்கும் பொது இடத்துக்கும் என்று அவற்றின் விலையில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள் என்றார் வக்கீல். அதனால் ஏக்கர் கணக்கில் விற்றவற்றைத்தான் முதலில் தேடினேன். அடுத்த ஊரில், கடன் வாங்கி நிலம் வாங்கிய சிலர் உண்மை விலையை எழுதியிருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிய அந்தப் பத்திரங்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

அப்புறம் வாய்தாக்கள், அதைச் சொல்ல ஒன்றுமில்லை. விலையைக் கூட்டி உத்தரவு வந்தது. கூட்டிய தொகைக்கு, நிலத்தை எடுத்த நாளிலிருந்து முதல் ஆண்டு 9 சதவீதமும் அதற்குப் பிறகு 15 சதவீதமும் வட்டி கிடைத்தது.

எங்கள் நிலத்தில் பல வருடம் களை எடுத்த அக்காவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்று ஆண்டு அங்கே வேலை செய்து, அதையே நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய் பெற அவர்களுக்கும் வழி இருக்கிறது. பட்டா இல்லாதவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவருக்காக அப்பா தன் கைப்படச் சான்று எழுதிக் கொடுத்தார். அந்த மனுவோடு இப்போது அலைந்துகொண்டிருக்கிறோம்.