முதலில் தலைப்பை மாத்துங்க
நேற்று ராத்திரி ஒரு நண்பரோட தொழில் வெப்சைட்டை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 14 பக்கம் இருக்கு. 14-க்கும் டைட்டில் (கூகுள் தேடல்ல பக்கத்தோட பேரா தெரியுற வரி) 'முகப்பு'! எந்தப் பக்கம் எதைப் பத்தினதுன்னு கூகுளுக்கு எப்படித் தெரியும்?

ஜனங்க எந்த வார்த்தையைத் தேடி தளத்துக்கு வர்றாங்கன்னு காட்டுற கூகுளோட சர்ச் கன்சோலைத் திறந்தோம். இலவசம்தான், ஆனா பல பேர் எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை. ஜனங்க 'வாஷிங் மெஷின் ரிப்பேர்'னு தேடி வர்றாங்க. தளத்திலோ 'இல்லச் சாதனப் பராமரிப்புத் தீர்வுகள்'னு இருக்கு. தேடுறவங்க வார்த்தை ஒரு இடத்திலும் இல்லை. மனசு கஷ்டமாயிடுச்சு, அவ்வளவு நல்ல வேலைக்காரர் அவர்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டைட்டில் எழுதினோம். பக்கம் சீக்கிரம் திறக்கணும்னு படங்களைச் சுருக்கினோம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரியணும்ங்கிறது கூகுள் சொல்ற அளவு. போன்ல அதுக்குப் பக்கத்துலகூட வரலை.

கீவேர்ட்ஸ் மெட்டா டேக்குக்கு (பக்கத்தோட கோடுல மறைவா எழுதுற தேடல் வார்த்தைப் பட்டியல்) யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. தேடல்ல எது முன்னாடி வரணும்ங்கிற ரேங்கிங்குக்கு அதைப் பார்க்கிறதில்லைன்னு கூகுள் 2009-லேயே சொல்லிடுச்சு. 'முதலிடம் உத்தரவாதம்'னு சொல்றவங்களையும் நம்பாதீங்க, அதை யாராலயும் தர முடியாது.

பலன் தெரிய சில வாரம், சிலசமயம் மாசக்கணக்கில்கூட ஆகும். சின்னதா தொழில் நடத்துறவங்க லிங்க்கை இன்பாக்ஸில் அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்றேன்.