தீவனப் பையில் உள்ள புரதமும் பன்றிக்குச் சேரும் புரதமும்

பன்றி வளர்க்கத் தொடங்கிய காலத்தில், பையில் அச்சிட்டிருக்கும் கச்சாப் புரதச் சதவீதத்தைப் பார்த்தே தீவனம் வாங்கிவந்தேன். அது தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிக் கிடைக்கும் எண் என்பதும், அந்தப் புரதம் எந்த அமினோ அமிலங்களால் ஆனது என்பதை அது சொல்லாது என்பதும் பிறகே விளங்கின.

தானியத்தை அடிப்படையாகக் கொண்ட தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்னும் அமினோ அமிலம். மக்காச்சோளத்தில் அது கால் சதவீத அளவே உண்டு. கடலைப் புண்ணாக்கும் சோயாப் புண்ணாக்கும் புரதத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் என ஒன்றுபோலத் தோன்றினாலும், சோயாவில் சுமார் 3 சதவீதம் இருக்கும் லைசின் கடலையில் அதன் பாதியளவே இருப்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே மாற்றினால் குட்டிகளின் வளர்ச்சி குன்றும். ஈரத்தில் கிடந்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சும் சேரக்கூடும். அதற்காகச் சோயாவைப் பச்சையாக அரைத்துப் போடவும் கூடாது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, சூடாக்கினால்தான் அது செயலிழக்கும். மீன் தூள் லைசின் மிகுந்ததுதான். ஆனால் அதில் உப்பும் கூடுதலாக இருக்கலாம் என்பதால், அதைச் சேர்க்கும்போது தனி உப்பைக் குறைத்து, தண்ணீர் எந்நேரமும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாதுக்களில், கூடுதலாகப் போட்டால் நல்லது என்ற எண்ணமே பெரிய கேடு என்பது என் கருத்து. தானியங்களிலும் புண்ணாக்குகளிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால், ஃபைட்டேஸ் நொதி சேர்க்காதவரை பன்றிக்கு அது அவ்வளவாகப் பயன்படுவதில்லை. எலும்பு வலுப்படட்டும் என்று சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டாலோ, மிகுந்த கால்சியமும் ஃபைட்டேட்டும் சேர்ந்து துத்தநாகத்தைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுத்துவிடுகின்றன. அப்படித் துத்தநாகம் குறைந்தால், வயிற்றிலும் கால்களிலும் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும் பாராகெரடோசிஸ் என்னும் நோய் வரும். அதற்குத் துத்தநாகமே மருந்து என்பது 1955 இல் தெரியவந்தது. பார்வைக்குச் சொறிபோல இருப்பதால் நானும் ஒருமுறை பூச்சிமருந்து தெளித்து நாட்களை வீணாக்கினேன். மொத்தக் கால்சியம், பாஸ்பரஸின் அளவுக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருந்தால் போதும்.

இரும்பின் கதை வேறு. பிறந்த குட்டியின் உடலில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பே இருக்கும். நாளொன்றுக்கு அதற்கு 7 மில்லிகிராமாவது தேவைப்பட, தாய்ப்பாலில் கிடைப்பதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம். மண்ணைக் கிளறித் திரியும் குட்டி மண்ணிலிருந்து ஓரளவு ஈடுசெய்துகொள்ளும், சிமெண்டுத் தரையில் வளர்வதற்கு அந்த வழியும் இல்லை. தாய்ப்பன்றியின் தீவனத்தில் இரும்பைக் கூட்டினாலும் பாலில் அது குறிப்பிடும்படி ஏறுவதில்லை என்பதால், பிறந்த மூன்று நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போட்டுவிடுகிறேன்.